பிள்ளையின் தலைக்குள் கிரானியோஃபாரிஞ்சியோமா: சேலம், ஏற்காடு பெற்றோர் கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கு எட்டு வயதில் இந்தக் கட்டி இருப்பது தெரிந்தது. ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறாள். அப்போதிலிருந்து சேலம், ஆத்தூர், ஏற்காடு பக்கத்தில் இதே நோய் வந்த பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும், டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இது என்ன கட்டி? புற்றுநோயா?

புற்றுநோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் தரவரிசையில் இது முதல் நிலைக் கட்டி. நுரையீரல், எலும்பு என்று உடம்பில் வேறெங்கும் போய் உட்காராது. ஆனால் அது வளரும் இடம்தான் பொல்லாத இடம். மூளையின் அடியில், மூக்குக்கு நேர் பின்னால், ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. உடம்பின் ஹார்மோன்களுக்கெல்லாம் அதுதான் உத்தரவு போடுகிறது. அதற்கு மேலே ஹைப்போதலாமஸ்: பசி, தாகம், தூக்கம், உடல் சூடு எல்லாம் அதன் கையில். பக்கத்திலேயே இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கின்றன. இந்த மூன்றுக்கும் நடுவில் கட்டி வளர்கிறது.

குழந்தை வயிற்றில் உருவாகும்போது பிட்யூட்டரியை உண்டாக்கிய திசுவில் சில செல்கள் மிச்சமாகத் தங்கிவிடுகின்றன. அவற்றிலிருந்து கிளம்புவது இது. குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் அடமன்டினோமேட்டஸ் என்ற வகை. கொஞ்சம் சதை, கொஞ்சம் சுண்ணாம்புப் படிவு, கூடவே நீர்ப்பை. அந்தப் பைக்குள் இருக்கும் திரவம் பழைய இன்ஜின் ஆயில் மாதிரி கருப்பும் பழுப்புமாக இருக்கும்.

பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவருக்குத்தான் வருகிறது. பிள்ளைகளில் 5 முதல் 14 வயதுக்குள் வருவது அதிகம். தெருமுனை கிளினிக் டாக்டர் தன் வாழ்நாளில் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அதனால் அவர் கண்டுபிடிக்கவில்லையே என்று கோபப்படுவதில் நியாயம் இல்லை.

எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் வந்தது?

நீங்கள் செய்த எதனாலும் இல்லை. செல்போன், கர்ப்பத்தில் பார்த்த கிரகணம், சாப்பாடு, சொந்தத்தில் கல்யாணம் என எதையும் காரணம் சொல்ல முடியாது. கட்டியின் செல்களுக்குள் மட்டும் ஒரு மரபணு மாறிவிடுகிறது. அப்பா அம்மாவிடமிருந்து வந்ததல்ல. அடுத்த பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள என்ன அறிகுறி?

எல்லோரும் தலைவலியையும் வாந்தியையும்தான் சொல்வார்கள். அவை உண்மைதான். ஆனால் பல பிள்ளைகளுக்கு அதற்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே உடம்பு வேறு விதமாகச் சொல்லத் தொடங்கியிருக்கும்.

முதலாவது உயரம். நாலு வயதுக்கு மேல், வயதுக்கு வரும் வரை, ஒரு பிள்ளை ஆண்டுக்கு ஐந்து அல்லது ஆறு சென்டிமீட்டர் வளர வேண்டும். போன ஜூன் மாதம் எடுத்த யூனிஃபார்ம் இந்த ஜூனிலும் அப்படியே பொருந்துகிறது, செருப்பு அளவும் மாறவில்லை என்றால், 'காசு மிச்சம்' என்று சந்தோஷப்படாமல் சுவரில் நிறுத்தி அளந்து பாருங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அளங்கள். தம்பியோ தங்கையோ அண்ணனை எட்டிப் பிடித்துவிட்டால் அதுவும் ஒரு துப்பு.

இரண்டாவது தாகம். சேலத்தில் சித்திரை வெயிலில் எல்லாப் பிள்ளையும்தான் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கும். ஏற்காட்டில் மார்கழிக் குளிரில் ஒரு பிள்ளை நடு ராத்திரி எழுந்து தண்ணீர் கேட்டால் அது சாதாரணம் இல்லை. படுக்கையை நனைப்பதை நிறுத்தி வருஷக்கணக்கான பிள்ளை மறுபடி நனைப்பதும் அப்படித்தான். 'மலைக்குளிர், அதான் அடிக்கடி ஒண்ணுக்குப் போகிறான்' என்று நாமே காரணம் கற்பித்துக்கொள்கிறோம்.

மூன்றாவது கண். கட்டி அழுத்தும்போது பெரும்பாலும் நேர்ப் பார்வை அல்ல, இரு பக்கவாட்டுப் பார்வைதான் முதலில் போகும். பிள்ளைக்கு அது தெரியாது, சொல்லவும் தெரியாது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வான். பக்கவாட்டில் வரும் பந்தை விடுவான். கண்ணாடி மாற்றியும் தெளிவு வரவில்லை என்றால், கண் நரம்பையும் பார்வைப் புலத்தையும் (நேராகப் பார்க்கும்போது பக்கவாட்டில் எவ்வளவு தெரிகிறது என்பதையும்) சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வாந்தி பற்றி மலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஏற்காடு ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் வாந்தி எடுப்பது எந்தப் பிள்ளைக்கும் புதிதல்ல. ஆனால் விடியற்காலையில் படுக்கையிலிருந்து எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, எடுத்த பிறகு தலைவலி கொஞ்சம் குறைகிறது என்றால் அதற்கும் பஸ்ஸுக்கும் சம்பந்தம் இல்லை. மூளையில் நீர் தேங்குவதன் அடையாளமாக இருக்கலாம். பிள்ளை மந்தமாகி, தூங்கி வழிந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

இவ்வளவு தண்ணீர் குடிக்கிறானே என்று சர்க்கரை பார்த்தோம். நார்மல் என்று வந்தது. அப்புறம் என்ன?

அதோடு நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் குறைந்தாலும் இதே தாகம் வரும். அதற்கும் ரத்தச் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. ஒரு நாள் முழுக்கக் குடித்ததையும் போனதையும் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். 'நிறையக் குடிக்கிறான்' என்று சொல்வதைவிட 'நேற்று நாலு லிட்டர்' என்று சொன்னால் உடனே கவனிப்பார்கள்.

என்னென்ன டெஸ்ட் எடுப்பார்கள்?

எம்.ஆர்.ஐ. முக்கியம். சுண்ணாம்புப் படிவு சி.டி. ஸ்கேனில்தான் நன்றாகத் தெரியும் என்பதால் அதையும் எடுக்கலாம். கண் பரிசோதனை, காலை நேரக் கார்ட்டிசால் (காய்ச்சல், காயம் போன்ற நெருக்கடியை உடம்பு தாங்க உதவும் ஹார்மோன்), தைராய்டு, சோடியம், வளர்ச்சி ஹார்மோன் சம்பந்தப்பட்ட ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். கார்ட்டிசால் குறைவாக இருந்தால் முதலில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் தைராய்டு மாத்திரையைத் தொடங்குவார்கள். வரிசை மாறினால் ஆபத்து.

சேலத்திலேயே பார்க்கலாமா, வெளியூர் போக வேண்டுமா?

முதல் பரிசோதனைகளுக்கும் அவசரத்துக்கும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தலையில் நீர் தேங்கிப் பிள்ளை மயங்கிக் கிடக்கும்போது வேலூரா சென்னையா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் பக்கத்திலேயே நீரை வடிக்க ஏற்பாடு செய்வதுதான் சரி.

ஆனால் கட்டியை எடுக்கும் பெரிய ஆபரேஷனுக்கு அவசரமில்லாவிட்டால், எங்கே செய்வது என்பதை நிதானமாக முடிவு செய்யுங்கள். நான் எல்லோரிடமும் அடித்துச் சொல்வது ஒன்றுதான்: நரம்பியல் சர்ஜன், குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டர், கதிர்வீச்சு டாக்டர் மூவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பேசும் இடமாக இருக்க வேண்டும். சர்ஜன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஹார்மோன் டாக்டர் இல்லாத இடத்தில் இந்த ஆபரேஷன் வேண்டாம். 'வருஷத்துக்கு எத்தனை பிள்ளைகளுக்கு இதே கட்டியை எடுக்கிறீர்கள்?' என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வேலூர் சி.எம்.சி.க்கு ரயிலில் காட்பாடியில் இறங்கினால் போதும். ஜிப்மர் புதுச்சேரியில் இருக்கிறது. சென்னையில் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும், எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் இருக்கின்றன.

பணம்?

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். எஸ்டேட் வேலைக்குப் போகும் குடும்பங்கள், மலைக்கிராமத்தார் பலர் அட்டை எடுக்காமலே இருக்கிறார்கள். நோய் வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். காப்பீடு ஆபரேஷனைச் சுமந்தாலும் அதன் பின் வரும் மாதாந்திர மாத்திரைச் செலவு உங்கள் தலையில்தான். அதையும் கணக்கில் வையுங்கள்.

முழுதாக எடுத்துவிடுவது நல்லதா? கொஞ்சம் விட்டுவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பது நல்லதா?

'ஒட்டு மொத்தமா எடுத்துப் போடுங்க சார்' என்றுதான் எல்லோரும் சொல்வோம். நமக்கு அதில்தான் நிம்மதி. ஆனால் இந்தக் கட்டி ஹைப்போதலாமஸோடு ஒட்டிக்கொண்டிருந்தால் விடாமல் பிய்த்தெடுக்கும்போது பிள்ளையின் பசியும் தூக்கமும் நினைவும் சேர்ந்து சேதமாகலாம். அதனால் டாக்டர்கள் ஸ்கேனைப் பார்த்து, ஹைப்போதலாமஸைத் தொடாத கட்டி என்றால் முழுதாக எடுக்கப் பார்ப்பார்கள். அதற்குள் ஊடுருவியிருந்தால் ஒட்டிய பகுதியை விட்டுவிட்டு, மிச்சத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். சரியான நோயாளிக்குச் செய்தால் இரண்டாவது வழியிலும் கட்டி நன்றாகக் கட்டுப்படுகிறது. கொஞ்சம் விட்டிருக்கிறேன் என்று சர்ஜன் சொன்னால் அது தோல்வி அல்ல. பல நேரம் பிள்ளையின் பிற்கால வாழ்க்கையை நினைத்துத்தான் விட்டிருக்கிறார்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: 'ஸ்கேனில் ஹைப்போதலாமஸ் எப்படி இருக்கிறது?' பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனை மண்டையோட்டைத் திறந்தும் செய்வார்கள், மூக்கு வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமரா குழாய் விட்டும் செய்வார்கள். கட்டியின் இடமும் பிள்ளையின் வயதும் பார்த்து முடிவாகும். மூக்கு வழி என்றால், பிறகு மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி சொட்டுகிறதா என்று கவனியுங்கள். சொட்டினால் உடனே சொல்ல வேண்டும். நீர்ப்பை பெரிதாக இருந்தால் அதற்குள் ஒரு குழாயும், தலைத்தோலுக்கு அடியில் ஒரு சின்ன குமிழும் வைத்து அவ்வப்போது நீரை உறிஞ்சி எடுப்பதும் உண்டு.

ஆபரேஷன் முடிந்த பிறகு ஏன் ஒண்ணுக்கை அளந்துகொண்டே இருக்கிறார்கள்?

அந்த முதல் பத்து நாட்களில் அந்த அளவு ஜாடிதான் பிள்ளைக்குக் காவல். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் ஆபரேஷனுக்குப் பின் பல பிள்ளைகளுக்கு நின்றுவிடுகிறது. முதலில் வெள்ளமாகப் போகும். சில நாள் கழித்து திடீரென்று குறைந்துவிடலாம். சேமித்து வைத்திருந்த ஹார்மோன் ஒரேயடியாகக் கசிவதால் அப்படி ஆகிறது. அப்போது தண்ணீர் அதிகமாகக் கொடுத்துவிட்டால் ரத்தத்தில் சோடியம் சரிந்து பிள்ளைக்கு வலிப்பே வரலாம். அதற்கும் பின்னால் மறுபடி வெள்ளம் தொடங்கி நிரந்தரமாகிவிடும். எல்லாப் பிள்ளைக்கும் இந்த மூன்று கட்டமும் வருவதில்லை, ஆனால் வரும் என்றே வைத்துக் காவல் காக்கிறார்கள்.

25 கிலோ பிள்ளை மணிக்கு 100 மில்லிக்கு மேல் தொடர்ந்து போனால் நர்சிடம் சொல்லுங்கள். ஒரு நோட்டில் இடது பக்கம் உள்ளே போனது, வலது பக்கம் வெளியே வந்தது, நேரத்தோடு எழுதுங்கள். இளநீர், கஞ்சி, ஐஸ் துண்டு எதையும் எழுதாமல் விடக் கூடாது. தினமும் காலையில் எடை. பார்க்க வரும் பாட்டியும் அத்தையும் பாசத்தில் ஜூஸ் கொடுத்துவிட்டுச் சொல்லாமல் போவார்கள். அதை முன்கூட்டியே சொல்லித் தடுத்து வையுங்கள். எங்கள் வார்டில் நோட்டை இரண்டு பேர் முறை வைத்து எழுதினோம். ராத்திரி ஒருவர் தூங்கினால் இன்னொருவர்.

கதிர்வீச்சு எப்படி இருக்கும்? வலிக்குமா?

வலிக்காது. முகத்துக்குப் பொருத்தமாக ஒரு பிளாஸ்டிக் முகமூடி செய்து, தலை அசையாமல் படுக்க வைப்பார்கள். பொதுவாக மொத்தம் 54 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), வாரத்தில் ஐந்து நாள் வீதம் 30 தடவை, அதாவது ஆறு வாரம். ரொம்பச் சின்னப் பிள்ளை என்றால் ஒவ்வொரு நாளும் மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். புரோட்டான் கதிர்வீச்சு கட்டியைத் தாண்டியுள்ள மூளைக்குப் போகும் அளவைக் குறைக்கும் என்பதால் வளரும் பிள்ளைகளுக்கு அதைப் பரிந்துரைப்பார்கள். சென்னையில் ஒரு தனியார் மையத்தில் 2019 முதல் இருக்கிறது. அது கைக்கு எட்டவில்லை என்று மனம் உடைய வேண்டாம். கவனமாகத் திட்டமிட்ட சாதாரணக் கதிர்வீச்சும் கட்டியை நன்றாகவே கட்டுப்படுத்துகிறது.

நடுவில் நீர்ப்பை வீங்கலாம். சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் தலைவலியோ பார்வைக் குறைவோ வந்தால் உடனே ஸ்கேன் வேண்டும்.

மாத்திரை எத்தனை நாள்? காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆயுள் முழுக்க. இந்த ஒரு பதிலை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படியுங்கள்.

கார்ட்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, தைராய்டுக்குத் தைராக்சின், சிறுநீருக்கு டெஸ்மோப்ரெசின், பிறகு வளர்ச்சி ஹார்மோன், பருவ வயது ஹார்மோன். இவற்றில் உயிரைக் காப்பது ஹைட்ரோகார்ட்டிசோன். ஆரோக்கியமான உடம்பு காய்ச்சல் வந்தாலோ அடிபட்டாலோ கார்ட்டிசாலைத் தானாகவே கூட்டிச் சுரக்கும். இந்தப் பிள்ளைகளால் முடியாது. நாம்தான் கூட்டிக் கொடுக்க வேண்டும். காய்ச்சலுக்கு வழக்கமான அளவு இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆகும். எவ்வளவு என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். மாத்திரையையே வாந்தி எடுத்துவிட்டால், மயங்கினால், விபத்து நடந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டாக வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு பொதுவாக 50 மில்லிகிராம், 12 வயதுக்கு மேல் 100. உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏற்காட்டிலும் அதைத் தாண்டிய ஊர்களிலும் இருப்பவர்கள் ஊசி மருந்தும் சிரிஞ்சும் வீட்டில் வைத்து, தொடையில் போடக் கற்றுக்கொள்ளுங்கள். மழை நாளில் மலைப்பாதையில் மரம் விழுந்து கிடந்தால் ஆம்புலன்ஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஊசியைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். வேண்டாத நேரத்தில் ஒரு ஊசி போட்டுவிட்டால் பெரிய கெடுதல் இல்லை. வேண்டிய நேரத்தில் போடாமல் விட்டால் உயிர் போகும். கீழே அவசரப் பிரிவில் பணியில் இருக்கும் இளம் டாக்டருக்கு இந்த நோய் தெரியாமல் இருக்கலாம். 'ஸ்டீராய்டு குறைபாடு, முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி' என்று எழுதிய டாக்டர் கடிதத்தைக் கையில் நீட்டுங்கள். மரியாதையாகச் சொல்லுங்கள், ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொல்லுங்கள்.

ஹைட்ரோகார்ட்டிசோன், டெஸ்மோப்ரெசின் இரண்டும் எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது. பட்டை தீருவதற்கு இரண்டு வாரம் முன்பே கடைக்காரரிடம் சொல்லி வரவழைத்து வையுங்கள்.

ஸ்டீராய்டு சைட் எஃபெக்ட் என்று சொந்தக்காரர்கள் நிறுத்தச் சொல்கிறார்களே? நாட்டு மருந்து கொடுக்கலாமா?

உடம்பு தானே செய்ய வேண்டியதைச் செய்யாததால், அதே அளவைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறோம். நிறுத்தவே கூடாது, ஒரு நாள்கூட. நாட்டு மருந்தால் இந்தக் கட்டி கரையாது. ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மனுக்கு விரதம் இருப்பதாக வேண்டிக்கொண்டிருந்தால் அந்த விரதத்தைப் பெரியவர்கள் இருங்கள். பிள்ளை நேரத்துக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, தண்ணீர் குடித்து அம்மனைக் கும்பிடட்டும்.

பிள்ளை குண்டாகிக்கொண்டே போகிறான். சாப்பாட்டைக் குறைத்தும் பயனில்லை.

ஹைப்போதலாமஸ் அடிபட்டால் வயிறு நிறைந்துவிட்டது என்ற சேதி மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. உடம்பும் குறைவான சக்தியையே செலவழிக்கிறது. இது பேராசையோ சோம்பலோ இல்லை. பிள்ளையைத் திட்டாதீர்கள், வீட்டுக்கு வரும் உறவினர் கேலி செய்யவும் விடாதீர்கள். தின்பண்டத்தைக் கண்ணில் படாமல் வைப்பது, வேளைக்கு இவ்வளவு என்று வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி சாப்பிடுவது, தினமும் நடப்பது: இவை கொஞ்சம் உதவும். ஹைட்ரோகார்ட்டிசோன் அளவு கூடுதலாகப் போகிறதா என்றும் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உயரமாக வளர்வாளா? வயதுக்கு வருவாளா? நாளைக்குக் கல்யாணம், குழந்தை?

பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் இதைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். நேராகவே சொல்கிறேன். கட்டி ஓராண்டு போல அமைதியாக இருந்தால் வளர்ச்சி ஹார்மோன் ஊசியைத் தொடங்குவார்கள். அதனால் கட்டி திரும்ப வருவது அதிகமாகவில்லை என்று இதுவரை வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. விலை அதிகம், தினமும் ராத்திரி போட வேண்டும். பருவ வயதில் ஈஸ்ட்ரோஜனைச் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டினால் உடல் வளர்ச்சி வரும், பின்னர் இன்னொரு ஹார்மோனையும் சேர்த்தால் மாதவிடாயும் வரும். கருப்பையும் முட்டைப்பையும் நன்றாகத்தான் இருக்கின்றன, உத்தரவு மட்டும் வரவில்லை. அந்த உத்தரவை ஊசியாகக் கொடுத்துக் குழந்தை பெற்றவர்கள் உண்டு. ஆண் பிள்ளைக்கும் இதே மாதிரி வழி இருக்கிறது.

திரும்ப வருமா?

வரலாம். வந்தால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில். அதனால்தான் முதலில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையும் பிறகு ஆண்டுக்கு ஒரு தடவையும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். நன்றாக இருக்கிறாளே என்று தள்ளிப் போடாதீர்கள். பத்தாண்டு கழித்தும் பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் என்ன சொல்ல வேண்டும்?

வகுப்பு டீச்சரிடம் மூன்று விஷயம்: கேட்டவுடன் தண்ணீரும் பாத்ரூமும், முன் வரிசையில் பார்வைக்கு ஏற்ற இடம், மதிய மாத்திரை. பார்வை ரொம்பக் குறைந்திருந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும் எழுதுபவரும் கேட்கலாம். சுற்றுலாவுக்கு அனுப்பலாம், கூடவே மாத்திரைப் பையும் ஊசியும் போக வேண்டும்.

பைக்குள் ஓர் அட்டை இருக்கட்டும். நாங்கள் எழுதியிருப்பது இது: 'எனக்குப் பிட்யூட்டரி சுரப்பி வேலை செய்யாது. நான் மயங்கினால், வாந்தி எடுத்தால், பலமாக அடிபட்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி உடனே போட வேண்டும். ஊசி இந்தப் பையின் முன் அறையில் இருக்கிறது. 108-ஐ அழைத்துவிட்டு என் வீட்டுக்குச் சொல்லுங்கள்.' கீழே அப்பா, அம்மா இருவரின் செல் நம்பர், டாக்டர் பெயர், மருந்து அளவு. அளவு மாறும்போதெல்லாம் புது அட்டை எழுதுங்கள்.